காத்திருக்கும் வீட்டுக்கு என்ன ஜெபம்?

வழக்கம்போல நீளமான பதிவுதான். வேலையெல்லாம் முடித்துவிட்டு சாவகாசமாக வாசியுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். பெயர் சொல்லப் போவதில்லை. எழுதலாமா என்று கேட்டு, அவள் சரி என்ற பிறகே எழுதுகிறேன். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள். வீட்டுக்காரர் பூப்பாறைக்கு ஜீப்பு ஓட்டிக்கொண்டிருந்தவர். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், இப்போது வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் கொடுக்க முடியாது. இவளுக்கு ரத்தப் பிரிவு சேரவில்லை. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்காகப் பெயர் பதிந்துவிட்டு ஒன்றரை வருஷமாகக் காத்திருக்கிறார்கள்.

அவள் கேட்டது இதுதான்: "டீச்சர், ஜெபம் பண்ண வார்த்தையே வர மாட்டேங்குது. ஒன்றரை வருசமா ஒரே விஷயத்தத்தான் கேக்குறேன். ஆண்டவருக்கே சலிச்சுப் போயிருக்கும். இன்னொன்னு டீச்சர், யார்கிட்டயும் சொல்லல. இவருக்குக் கிட்னி கிடைக்கணும்னா வேற யாரோ ஒருத்தர் சாகணும்ல? அப்ப நான் எதுக்குத்தான் ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கேன்?"

அவளுக்கு அன்றைக்கே போன் போட்டுப் பேசினேன். ஆனால் இந்தக் கேள்வி அவளுக்கு மட்டும் உரியதில்லை. வெளிநாட்டு விசாவுக்கு, பிள்ளை வரத்துக்கு, கோர்ட்டுத் தீர்ப்புக்கு, வீட்டை விட்டுப் போன மகனுக்கு என்று உங்களில் எத்தனையோ பேர் காத்திருப்பது எனக்குத் தெரியும். அதனால் இங்கே எழுதுகிறேன். வேறு சமயத்துப் பிள்ளைகளும் வாசிக்கலாம். காத்திருப்பு எல்லார் வீட்டுக்கும் பொது.

முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். நெருக்கடி நேரத்து ஜெபம் வேறு, காத்திருப்புக் காலத்து ஜெபம் வேறு. நமக்கு முதலாவது நன்றாக வரும். இரண்டாவதைத்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

நெருக்கடி ஜெபம் சின்னது. விடியுமுன் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பில் ஏறிப் பாருங்கள். முந்தல் தாண்டி கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்தால், ஒரு பெண் "இயேசப்பா" என்பாள், பக்கத்தில் இருப்பவள் "மாரியாத்தா" என்பாள், இன்னொருத்தி "யா அல்லா" என்பாள். அதற்கு மேல் வார்த்தை தேவையில்லை. கடலில் நடந்து வந்த பேதுரு மூழ்கத் தொடங்கியபோது நீட்டி முழக்கி ஜெபிக்கவில்லை. காப்பாற்றச் சொல்லி ஒரே கூப்பாடு, அவ்வளவுதான். கை பிடித்துத் தூக்கப்பட்டார். நம் ஆராதனை முறையில் இரக்கம் கேட்கிற அந்தச் சிறிய வரியும் அப்படிப் பிறந்த கூப்பாடுதான். பர்திமேயு என்ற பார்வையற்ற மனிதர் எரிகோவில் வழியோரம் உட்கார்ந்து கத்தியதை, உலகம் முழுக்கத் திருச்சபைகள் இன்னமும் ஞாயிறுதோறும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

அந்தக் கூப்பாட்டை நம் ஊரும் அறியும். 2018 மார்ச் 11, லெந்து காலத்து ஞாயிற்றுக்கிழமை, குரங்கணி மலையில் தீ. மலையேற்றத்துக்கு வந்திருந்த இளம் பிள்ளைகள் காட்டுக்குள் சிக்கிக்கொண்டார்கள். செய்தி கேட்டு முதலில் மேலே ஓடியவர்கள் குரங்கணிச் சுற்றுவட்டார ஜனங்கள்தான். போர்வையைக் கம்பில் கட்டி டோலி மாதிரி தூக்கி வந்தார்கள். அன்று இரவு யாரும் யாரிடமும் எந்தச் சபை என்று கேட்கவில்லை. 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். சிலர் அன்றே போனார்கள். சிலர் தீக்காயத்தோடு நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து போனார்கள். அந்தத் தாய் தகப்பன்மாருக்கு ஞாயிறு இரவு நெருக்கடி. திங்கட்கிழமையிலிருந்து காத்திருப்பு. இரண்டும் ஒன்றில்லை என்று நான் சொல்வது இதைத்தான்.

நெருக்கடியில் ஜனம் கூடும், போன் அடித்துக்கொண்டே இருக்கும், உபவாச ஜெபம் வைப்பார்கள். காத்திருப்பு மூன்றாவது மாதத்துக்குள் நுழையும்போது போன் குறைந்துவிடும். ஆறாவது மாதம் "இன்னும் அப்படியேதானா?" என்று கேட்பார்கள். ஒரு வருஷம் ஆனால் சிலர் "வீட்டில் ஏதாவது பாவம் இருக்கா, ஆராய்ஞ்சு பாருங்க" என்பார்கள். "விசுவாசம் பத்தல" என்பார்கள். அப்படிச் சொல்லுகிறவர்கள் யோபு புத்தகத்தைக் கடைசி அதிகாரம் வரை வாசிப்பது நல்லது. யோபுவிடம் அதையே சொன்ன மூன்று சிநேகிதர்கள்மேல்தான் கடைசியில் ஆண்டவருக்குக் கோபம் வந்தது, புலம்பிய யோபுவின்மேல் அல்ல.

அப்புறம் வாக்குத்தத்த அட்டை. எரேமியா 29-ஆம் அதிகாரம் 11-ஆம் வசனம் உங்கள் எல்லார் வீட்டுக் காலண்டரிலும் இருக்கும். நமக்காகச் சமாதானமான நினைவுகளை ஆண்டவர் வைத்திருக்கிறார் என்கிற வசனம். அருமையான வசனம்தான். ஆனால் அதற்கு முந்தின 10-ஆம் வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை. அதில் ஒரு கணக்கு இருக்கிறது: 70 வருஷம். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஜனங்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. இரண்டு வருஷத்தில் திரும்பிவிடலாம் என்று அனனியா என்கிற ஒருவர் அப்போது கூட்டத்தைக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். எரேமியா அது பொய் என்றார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், நீங்கள் இருக்கிற அந்த ஊருக்காகவும் ஜெபம் பண்ணுங்கள் என்று எழுதி அனுப்பினார். கடிதத்தை வாங்கி வாசித்த பெரியவர்களில் பலர் திரும்பி வருவதைப் பார்த்திருக்க மாட்டார்கள். காலண்டரில் உள்ள வசனம் நீண்ட காத்திருப்புக்காரர்களுக்கு எழுதப்பட்டது. உடனே கிடைக்கும் என்பதற்கான சீட்டு இல்லை அது.

தோட்டம் போடுங்கள் என்றால் நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். ஏலச்செடியை நட்டால் மூன்றாவது வருஷம்தான் ஒழுங்காகக் காய் பார்க்க முடியும். காய்ப்புக்கு வந்த செடியிலும் ஒரே நாளில் எல்லாம் பழுக்காது. அடியில் தரையோடு நீளும் சரத்தில் ஒரு பக்கம் பூ, ஒரு பக்கம் பிஞ்சு, ஒரு பக்கம் முற்றிய காய். பெண்கள் குனிந்து முற்றியதை மட்டும் கிள்ளிவிட்டு நகர்வார்கள். மறுபடி அதே செடிக்கு வர ஏறக்குறைய 40 நாள் ஆகும். பொறுக்காமல் பிஞ்சைப் பறித்தால் ஸ்டோரில் உலர்த்தும்போது சுருங்கிப் போகும், எடை நிற்காது. அதே செடிக்குத் திரும்பத் திரும்பப் போவது அவர்களுக்கு வெட்கமான விஷயம் இல்லை, அதுதான் வேலையே.

இப்போது அந்தப் பிள்ளையின் முதல் கேள்வி. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கலாமா?

கேட்கலாம். கெத்செமனே தோட்டத்தில் இயேசு மூன்று முறை ஜெபித்தார். மூன்றாவது முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு கவனமாக எழுதி வைத்திருக்கிறார். ஆண்டவருக்கே அன்றிரவு புது வார்த்தை கிடைக்கவில்லை என்றால், போடியில் ஏலக்காய் பொறுக்கிவிட்டு வந்து அலுத்து உட்காருகிறவளுக்கு எங்கிருந்து கிடைக்கும்? 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்களுக்குள் தாவீது "எவ்வளவு நாளைக்கு" என்ற அர்த்தத்தில் நான்கு முறை கேட்கிறார். அநீதியான நீதிபதியிடம் நடையாய் நடந்த விதவையின் கதையை இயேசு சொன்னதே, சோர்ந்துபோகாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். அன்னாள் வருஷா வருஷம் சீலோவுக்குப் போய் ஒரே விண்ணப்பத்தைத்தான் வைத்தாள். அவள் உதடு மட்டும் அசைந்ததைப் பார்த்த ஆசாரியர் அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தார். கோயிலில் இருப்பவர்களுக்கும் சில நேரம் காத்திருப்பவர்களைப் புரிவதில்லை. அவர் நினைத்ததால் அவள் ஜெபம் நிற்கவில்லை.

அடுத்து, கோபப்படலாமா, முறையிடலாமா என்பது. சங்கீதப் புத்தகத்தின் 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். பெரும்பாலானவை புலம்பலில் தொடங்கி நம்பிக்கையில் முடியும். 88-ஆம் சங்கீதம் மட்டும் அப்படி முடியாது. 18 வசனமும் இருட்டு, கடைசியிலும் இருட்டு. அதைத் தொகுத்தவர்கள் ஆறுதலாக இரண்டு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. அப்படியே வேதத்தில் வைத்தார்கள்.

அந்தச் சங்கீதம் எதற்கு என்று 2020-இல் எனக்கு நன்றாக விளங்கியது. ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அப்பால் ராஜமலை பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 பேர். அத்தனை பேரும் நம் தமிழ்க் குடும்பத்துக்காரர்கள். 66 பேருடைய உடல் கிடைத்தது. நான்கு பேர் கிடைக்கவேயில்லை. கொரோனா காலம் வேறு, எல்லையைத் தாண்டவே பாஸ் வேண்டும். ஆற்றோரம் நின்று, இன்றைக்காவது கிடைத்துவிடாதா என்று நாள்தோறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்களிடம் போய் நான் வாக்குத்தத்த அட்டையை நீட்ட முடியுமா? அவர்களோடு நின்று சொல்லத் தகுந்தது 88-ஆம் சங்கீதம். ஆண்டவரிடம் இருட்டு என்று சொல்வதும் ஆண்டவரிடம் பேசுவதுதான். பேச்சை நிறுத்தவில்லை அல்லவா?

மூன்றாவது, ஜெபத்தோடு கையும் அசைய வேண்டும். தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், 1876 முதல் 1878 வரை. முன்சீப்பாக இருந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை, நம் முதல் தமிழ் நாவலை எழுதியவர், கத்தோலிக்கக் கிறிஸ்தவர். பஞ்சத்தில் மனம் உருகி இறைவனிடம் மன்றாடிக் கீர்த்தனைகள் இயற்றினார். கூடவே தன் பொருளைச் செலவழித்துப் பசித்தவர்களுக்குக் கஞ்சியும் ஊற்றினார். அந்தக் கொடையைப் பாராட்டி, நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் ஒரு பாட்டே பாடினார். பாட்டும் கஞ்சியும் சேர்ந்தே போயின. 2024 கோடையில் இடுக்கி மலையில் ஏலச்செடிகள் வெயிலில் காய்ந்து கருகியபோது மழைக்கு ஜெபம் வைத்தோம். ஜெபம் முடிந்த கையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு மிச்சமிருந்த செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவர்களும் உண்டு. ஜெபம் பண்ணுகிறவளுக்கு எதற்குக் குடம் என்று யாரும் கேட்கவில்லை.

நான்காவது, வார்த்தை வராத நாளில் மற்றவர்கள் வார்த்தையை வாங்கிக்கொள்ளலாம். நாங்கள் சி.எஸ்.ஐ. சபை. பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க அக்கா வீட்டுக்காரர் படுத்த படுக்கையாக இருந்தபோது தினமும் இருட்டும் நேரத்தில் ஜெபமாலை உருட்டுவார்கள். ஒரு நாள் கேட்டேன், "ஒரே மந்திரத்தை அம்பது தரம் சொல்றீங்களே, மனசு அங்க இருக்குமாக்கா?" அவர் சிரித்தார். "மனசு எங்க வேணா போவட்டும் டீச்சர். மணி கைல இருக்குல்ல" என்றார். எத்தனையோ வேத பாட வகுப்புகளில் கிடைக்காத பதில் அது. மனம் ஓய்ந்துபோகும் நாளில் கை பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். அவர்களுக்கு மணி. நமக்கு ஆராதனைப் புத்தகத்தின் லித்தானியா, சங்கீதம், கர்த்தருடைய ஜெபம்.

போரில் மோசேயின் கை சோர்ந்தபோது ஆரோனும் ஊரும் இரண்டு பக்கமும் நின்று தாங்கிப் பிடித்தார்கள். சபை என்பது அதற்குத்தான். இன்றைக்கு உன்னால் முடியவில்லை என்றால் "எனக்காக நீங்க பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கு. அதில் பாவம் ஒன்றும் இல்லை.

ஜெர்மனியில் ஹிட்லரை எதிர்த்ததற்காக 1943 ஏப்ரலில் கைதான டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற போதகரைப் பற்றி உயர் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த வருஷக் கிறிஸ்துமசுக்கு, கூட இருந்த கைதிகளுக்காக ஜெபங்கள் எழுதிக் கொடுத்தார். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, பெரும் துன்ப நேரத்துக்கு ஒன்று. சிறை அறை அட்வெந்து காலம் மாதிரி என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார்: சின்னச் சின்ன வேலைகளைச் செய்துகொண்டு, நம்பிக்கொண்டு இருக்கிறோம், கதவோ பூட்டியிருக்கிறது, அது வெளியிலிருந்துதான் திறக்கும் என்ற கருத்தில். அவருக்கு அந்தக் கதவு விடுதலைக்காகத் திறக்கவில்லை. 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிட்டார்கள். போர் முடிய ஒரு மாதம்கூட இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்களிடம் பொய் சொல்ல எனக்கு மனமில்லை. காத்திருந்தால் கேட்டது கட்டாயம் கிடைக்கும் என்று நான் எழுத மாட்டேன். நமக்குப் பக்கத்தில் திருநெல்வேலி மாவட்டம் டோனாவூரில் எத்தனையோ பெண் குழந்தைகளைக் காத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் கீழே விழுந்து அடிபட்டார். குணமாக வேண்டும் என்று எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள்! 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் ஒரே அறையில் படுக்கையில்தான் இருந்தார். அங்கிருந்தபடியே புத்தகங்கள் எழுதினார், பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினார். குணம் வரவில்லை. அவருடைய ஜெபம் வீண் என்று டோனாவூரில் வளர்ந்த யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சரி, இனி அந்தப் பிள்ளையின் இரண்டாவது கேள்வி. இதைத்தான் நாலு நாள் யோசித்தேன்.

இன்னொருவர் சாக வேண்டும் என்று நீ ஜெபிக்கவில்லை, தாயி. நீ ஜெபித்தாலும் ஜெபிக்காவிட்டாலும் இந்த நாட்டில் தினம் தினம் சாலை விபத்தில் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். உன் ஜெபம் அந்த வண்டியை மோத வைப்பதில்லை. சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. மூளைச்சாவை நான்கு டாக்டர்கள் கொண்ட குழு உறுதி செய்ய வேண்டும். ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சை செய்கிறவர்கள் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. அதாவது, காத்திருக்கும் நோயாளிக்காக யாருடைய சாவையும் யாரும் அவசரப்படுத்த முடியாதபடி வேலி போட்டிருக்கிறார்கள்.

அந்தச் சாவுக்குப் பிறகு ஒரு கணம் வருகிறது. ஐ.சி.யூ. வாசலில் நிற்கிற தாயிடமோ மனைவியிடமோ ஒருவர் வந்து மெதுவாகக் கேட்கிறார். அந்தக் குடும்பம் "சரி" என்றோ "வேண்டாம்" என்றோ சொல்ல வேண்டும். உன் ஜெபம் போக வேண்டிய இடம் அந்த வாசல். அந்தத் தாய்க்குத் தாங்குகிற பலம் வேண்டும், அந்தக் குடும்பத்துக்குத் தெளிவு வேண்டும், அவர்கள் என்ன பதில் சொன்னாலும் அவர்களுக்கு ஆறுதல் வேண்டும். நீ இன்னும் பார்த்திராத, பார்க்கவே போகாத அந்த வீட்டுக்காக இன்றைக்கே ஜெபிக்கலாம்.

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதியின் மகன் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, அந்தத் தாயும் தகப்பனும் சரி என்றார்கள். தமிழ்நாடு முழுக்க அதைப் பற்றியே பேச்சாக இருந்தது. அதற்குப் பிறகுதான் உறுப்பு தானம் என்ற வார்த்தை நம் சனங்களின் வீட்டுக்குள் வந்தது. 2023 செப்டம்பர் 23 அன்று, உறுப்பு தானம் செய்கிறவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதலமைச்சர் அறிவித்தார். அந்த அறிவிப்புக்குப் பின் முதல் மரியாதை யாருக்குக் கிடைத்தது தெரியுமா? நம் தேனி மாவட்டம் சின்னமனூர்க்காரர் ஒருவருக்கு. நம் பக்கத்து ஊர் வீடு ஒன்று, தன் வாழ்க்கையிலேயே மோசமான நாளில், முகம் தெரியாத வீடுகளுக்காக "சரி" என்று சொல்லியிருக்கிறது. அந்த நாளில் எங்கோ சில வீடுகளில் போன் அடித்திருக்கும்.

இனி, அவள் கேட்டதற்காக நான் எழுதிக் கொடுத்த ஜெபங்களை இங்கேயும் போடுகிறேன். பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. உங்கள் காத்திருப்புக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

டயாலிசிஸ் நாள் காலையில்:
"ஆண்டவரே, இந்த நாலு மணி நேரம் உம்முடையது. ஊசி குத்துகிற கைக்கு நிதானம் கொடும். இவருக்குக் குளிரும் மயக்கமும் வராமல் பார்த்துக்கொள்ளும். பக்கத்துப் படுக்கையில் துணைக்கு ஆள் இல்லாமல் வந்திருக்கிறவரையும் நினைத்தருளும். ஆமென்."

நல்ல சேதி வராத இரவில்:
"இன்றைக்கும் போன் வரவில்லை, அப்பா. நேற்றுக் கேட்டதையே இன்றைக்கும் கேட்கிறேன். புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. விடிகிறவரை நீர் விழித்திரும். நான் தூங்கப் போகிறேன். ஆமென்."

கோபம் வருகிற நாளில்:
"நீர் எங்கே இருக்கிறீர் என்று தெரியவில்லை. எனக்கு உம்மேல் வருத்தம். அதை வேறு யாரிடமும் சொல்லாமல் உம்மிடமே சொல்கிறேன். என்னை விட்டுவிடாதேயும். ஆமென்."

முகம் தெரியாத அந்தக் குடும்பத்துக்காக:
"எங்கோ ஒரு வீட்டில் இன்றைக்கு எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். அவர்கள் நன்றாகவே இருக்கட்டும். ஒருவேளை துக்கம் அவர்களைத் தேடி வந்தால், அந்த நேரத்தில் அவர்கள் பக்கத்தில் நில்லும். அவர்கள் கொடுத்தால் அவர்களுக்குச் சமாதானம். கொடுக்க முடியாவிட்டாலும் அவர்களுக்குச் சமாதானம். ஆமென்."

ஜெபிக்கவே முடியாத நாளில்:
"இயேசுவே." இது போதும். மூச்சு விடும்போது ஒரு தரம். அவ்வளவுதான்.

கடைசியாக, காத்திருக்காதவர்களுக்கு, அதாவது இப்போதைக்கு நன்றாக இருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு மூன்று வேலை சொல்கிறேன். டீச்சர் வீட்டுப்பாடம் கொடுக்காமல் விடமாட்டாள் என்று உங்களுக்குத் தெரியும்.

ஒன்று. காத்திருக்கும் வீட்டுக்கு வசனம் மட்டும் அனுப்பாதீர்கள். ஒரு நாள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுங்கள். டயாலிசிஸ் நாளில் அந்த வீட்டுப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வாருங்கள். சிறுநீரக நோயாளிக்கு உப்பு, தண்ணீர், பழம் எல்லாவற்றிலும் அளவு உண்டு. என்ன கொண்டுவரலாம் என்று கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள்.

இரண்டு. ஒரு நோட்டில் காத்திருக்கிறவர்கள் பெயரை எழுதி, அவர்களுக்குப் போன் பண்ண வேண்டிய தேதியையும் எழுதி வையுங்கள். 40 நாளுக்கு ஒரு முறை போதும். "என்ன ஆச்சு?" என்று கேட்க வேண்டாம். "எப்படி இருக்கீங்க?" என்று கேளுங்கள். மதுரைக்கு ரயிலை 2010 டிசம்பர் கடைசியில் நிறுத்திவிட்டு 2023 ஜூனில்தான் மறுபடி போடிக்கு விட்டார்கள். பன்னிரண்டரை வருஷம். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பிளஸ் டூ முடித்துவிட்டது. அந்தக் காலமெல்லாம் ரயில் எப்போ என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டே இருந்த ஊர் இது. மனுஷருக்காகவும் கொஞ்சம் கேட்கலாம்.

மூன்று. இன்று ராத்திரி சாப்பிடும்போது உங்கள் வீட்டில் பேசுங்கள். எனக்கு அப்படி ஒன்று நடந்தால் உறுப்புகளைக் கொடுத்துவிடுங்கள் என்று உயிரோடு இருக்கும்போதே சொல்லி வையுங்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்டாலும், கடைசியில் கேட்கப்படுவது வீட்டாரிடம்தான். நீங்கள் முன்பே சொல்லியிருந்தால் அந்த ஐ.சி.யூ. வாசலில் அவர்கள் பாரம் கொஞ்சம் குறையும். நான் என் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். பெரியவன், "ஏம்மா இப்பப் போய் இதையெல்லாம் பேசுற" என்றான். சின்னவள் ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டினாள்.

ஜெப விண்ணப்பம் இருப்பவர்கள் கீழே எழுத வேண்டாம். தனியாக எனக்கு அனுப்புங்கள். நோட்டில் இடம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
போடிநாயக்கனூர்